குளிர்கிடங்கில் டோக்கன் வந்த கதை

குளிர்கிடங்கு மேலாளரை அங்கே எல்லோரும் சிஐடி அக்கா என்றுதான் சொல்வார்கள். சிரித்துப் பேசுகிறவனை இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்க்கிற சுபாவம். ஆப்பிள் பெட்டிகளுக்குக் கொடுத்த ரசீதை யாரோ நகலெடுத்து வந்து அடுத்தவர் சரக்கை ஏற்றிக்கொண்டு போனதிலிருந்து அது முற்றிவிட்டது.

இனி காகிதம் வேண்டாம், டிஜிட்டல் டோக்கன் யார் கைபேசியில் இருக்கிறதோ அவருக்கே சரக்கு என்றார் முதலாளி. அதை எந்த பிளாக்செயின் தளத்தில் வெளியிடலாம் என்று பார்த்துச் சொல்லும் வேலை அவள் தலையில் விழுந்தது.

இரண்டு தளங்கள் தேறின. ஒன்று யாருக்கும் சொந்தமில்லாத பொதுத் தளம். கைமாற்றும்போதெல்லாம் கட்டணம், கடவுச்சொல் மாதிரியான ரகசியச் சாவி தொலைந்தால் டோக்கனும் போச்சு. இன்னொன்றை ஒரு நிறுவனம் நடத்தியது. கட்டணம் கிடையாது, தொலைந்த சாவியையும் மீட்டுத் தருவார்கள். பொதுத் தளத்தைச் சிபாரிசு செய்தவன் தங்கையின் கணவன், மென்பொருள்காரன்.

"இதுல உங்களுக்கு என்ன கிடைக்குது மாப்பிள்ளை?"

"ஐயோ அண்ணி, அது யாரோட கம்பெனியும் இல்ல. எனக்கு யாரு தரப்போறா?"

அந்தப் பதிலே அவளுக்கு இடித்தது. மனசு நிறுவனத்தின் பக்கம் சாய்ந்தது. ஆனாலும் இரண்டிலும் ஒரு சோதனை டோக்கனைத் தங்கைக்கு அனுப்பினாள். பிறகு நிறுவனத்துக்குப் போன் போட்டு, தங்கை பெயரைத் தன் பெயராகச் சொல்லி, "சாவி தொலைஞ்சுபோச்சு, இதுதான் புது நம்பர்" என்றாள்.

"கவலையே படாதீங்க மேடம்" என்றது தேன் குரல்.

டீ ஆறுவதற்குள் தங்கையின் டோக்கன் இவள் கைபேசியில் வந்து உட்கார்ந்தது. தங்கையை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உடனே மாப்பிள்ளையைப் பிடித்தாள். "பொதுத் தளத்துல இருக்கிறதையும் எடுத்துக் காட்டுங்க பாப்போம்."

"அவ சாவி இல்லாம நானே தலைகீழா நின்னாலும் முடியாது."

"அப்ப நெஜமாவே தொலைச்சவன் கதி?"

"பழைய டோக்கனை ரத்து பண்ணிட்டுப் புதுசு கொடுக்கலாம். ஆனா ரெண்டு பேர் சாவி போட்டாதான் அது நடக்கும்னு டோக்கன் நிரல்ல முதல்லயே எழுதிடணும்."

விஷயம் தெரிந்து தங்கை எகிறினாள். "என் பேர்லயா திருடிப் பாத்த?"

"ஊரான் பேர்ல பண்ணா உள்ள தூக்கி வச்சிடுவான்டி!"

முதலாளி பொதுத் தளத்துக்கே தலையாட்டினார். ரத்துச் சாவிகளில் ஒன்று அவருக்கு, ஒன்று மேலாளருக்கு என்று மாப்பிள்ளையே பிரித்துக் கொடுத்தான். தனக்கென்று ஒன்று கேட்கவேயில்லை.

ஏன் கேட்கவில்லை என்று அவள் இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.