மூன்றாம் எண் பூனைக்குத் தலைவணங்கிய கிடங்கு

"2603, ஐந்தாம் மாதம் 11. பூனை எண் 3. வால்: நேரே மேலே, நுனி வளைவு. காது: முன்பக்கம். கீழ்ப்படிதல்: மிக நன்று."

இது என் கையெழுத்து. 2603 ஜப்பானியர் கணக்கு. நம் கணக்கில் 1943. ஜப்பானியர் பிடித்திருந்த மலாக்காவில், காஜா பேராங் பகுதியின் ஓர் அரிசிக் கிடங்கில் இரண்டாவது கிராணியாக, அதாவது கணக்கு எழுதுபவனாக, இருந்தபோது நான் எழுதிய பூனைப் பதிவேட்டின் முதல் பக்கம். பதிவேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஓரத்தை மட்டும் எலி கடித்திருக்கிறது.

பூனை வளர்க்கும் இளையவர்கள், "மடியிலதான் கிடந்துச்சு, திடீர்னு கடிச்சிருச்சு" என்று என்னிடம் சொல்வதுண்டு. எந்தப் பூனையும் திடீரென்று கடிப்பதில்லை. அதை நான் கற்றுக்கொண்ட விதம் இது.

1. நியமனம்

கிடங்குக்குப் பொறுப்பு ஒரு ஜப்பானிய சார்ஜண்ட். எலிகள் மூட்டைகளைத் துளைப்பதைக் கண்டு, மூன்று பூனைகளைக் காவலுக்கு அமர்த்தி எழுத்து மூலம் உத்தரவிட்டுக் கையெழுத்தும் போட்டார். பூனைகளுக்கு எண் உண்டு, கருவாட்டுப் பங்கு உண்டு, தினசரி அறிக்கை உண்டு. எங்களுக்கு மரவள்ளிக்கிழங்கு.

பெரிய கிராணி காதர் நானா உத்தரவை இரண்டு தடவை படித்தார்.

"ஏம்பா, இதுல இன்னும் ஒரு ஆள் சேர்த்துக்குவாங்களா?"

"பூனையா நானா?"

"நான்தான். எண் நாலுன்னு எழுதிக்க. கருவாடாவது கிடைக்கும்."

பூனைகளைக் கொடுத்தவள் பின்வீட்டு மீனாட்சி. மலாக்கா செட்டிக் குடும்பம். நெற்றியில் விபூதி இருக்கும், வாயில் மலாய்தான் வரும். அவள் பேச்சைத் தமிழில் தருகிறேன்.

பதிவேட்டில் "வால்" என்றொரு பத்தி உண்டு. இரண்டாம் எண் பூனையோ இந்த ஊர்ப் பூனைகள் பலவற்றைப் போல மொட்டை வால். "வால்: அரை அங்குலம். மனநிலை: தெரியவில்லை" என்று பதினொரு நாள் எழுதினேன். பன்னிரண்டாம் நாள் சார்ஜண்ட், "எப்போது தெரியும்?" என்று கேட்டார்.

இன்னொரு பத்தி "கீழ்ப்படிதல்". மூன்றாம் எண், செம்மஞ்சள் கடுவன், சார்ஜண்டைக் கண்டதும் மல்லாந்து வயிற்றைக் காட்டும். நான் "மிக நன்று" என்று எழுதினேன். தவறு அங்கேதான் தொடங்கியது.

2. கடி

ஆறாம் மாதம் 2. மூன்று நாளில் மேலதிகாரி சோதனைக்கு வருவதாக இருந்தது. சார்ஜண்ட் ஒத்திகை பார்த்தார். மூன்றாம் எண் மல்லாந்தது. அவர் கையுறையைக் கழற்றிவிட்டு அதன் வயிற்றைத் தடவினார்.

வால் நுனி தரையில் அடிப்பதை நான் பார்த்தேன். "வால்: சுறுசுறுப்பு" என்று குறித்தும் கொண்டேன். பிறகு காதுகள் பக்கவாட்டில் படிந்தன. விலாத் தோல் ஒரு முறை சிலிர்த்தது. அடுத்து நான்கு கால்களாலும் அவர் மணிக்கட்டைக் கட்டிப்பிடித்துக் கடித்தது.

சார்ஜண்ட் பேசியது சந்தை மலாய். "கிராணி! 'மிக நன்று' எழுதினது யார்? பூனை பொய். நீயும் பொய்."

பதிவேட்டைத் தலைக்கு மேல் தூக்கியபடி நண்பகல் வரை வெயிலில் நின்றேன். பிறகு உத்தரவு வந்தது: சோதனைக்கு முந்தைய நாளுக்குள் கடித்த காரணத்தைச் சொல்ல வேண்டும். காரணம் சரியில்லை என்றால் பூனை சாக்கில், நான் சயாம் ரயில் வேலையில். எங்கள் தெருவிலிருந்து சயாமுக்கு லாரி ஏறியவர்களில் அதுவரை ஒருவரும் திரும்பியிருக்கவில்லை.

வேலிக்கு அப்பாலிருந்து மீனாட்சி, "ஜாங்கான் பெகாங் பெருட்!" என்று கத்தினாள். வயிற்றைத் தொடாதே என்று பொருள். அறிவுரை அரை நாள் தாமதம்.

"காட்டினதே அதுதானே?" என்றேன்.

"காட்டினா உன்னை நம்புறேன்னு அர்த்தம், தொடுன்னு இல்ல. எங்க அண்ணன் கதவைத் திறந்துபோட்டுத் தூங்குறான். அதுக்காக நீ உள்ள போய் அவன் வயித்தைத் தடவுவியா?"

3. விளக்கம்

இரண்டு நாள் பூனையின் எதிரிலேயே உட்கார்ந்தேன். மீனாட்சி சொன்னது சரி. தலையைத் தடவினால் கண்ணைப் பாதி மூடிற்று. வயிற்றுப் பக்கம் கை போனால் வால் நுனி அடித்தது. பதிவேட்டில் கோடு கிழித்து, "பார்த்தது", "யூகம்" என இரண்டு பத்திகள் ஆக்கினேன். ஆனால் தவறு சார்ஜண்டுடையது என்று அவரிடமே சொல்வது எப்படி?

வழி சொன்னவர் காதர் நானா. வாசற்காவலாளிக்குக் குனிந்து வணங்காமல் போனதற்காக அதுவரை இரண்டு அறை வாங்கியவர்.

"காவலைக் கும்பிடாம கிட்ட போனா அறை. அவங்க சட்டம்தானே? பூனையைக் காவல்னு கையெழுத்துப் போட்டதும் அந்த ஆள்தானே? எழுது."

"அடிப்பான் நானா."

"சயாமைவிட அடி பக்கத்துல இருக்குப்பா."

மலாயில் எழுதி, நின்றபடி வாசித்தேன்: "மூன்றாம் எண் காவலில் இருந்தது. வணக்கமின்றி நெருங்கப்பட்டது. வாலால் ஒன்று, காதால் ஒன்று, தோலால் ஒன்று என மூன்று எச்சரிக்கை கொடுத்தது. பிறகே கடித்தது. இரத்தம் வராத அளவில்."

சார்ஜண்ட் தம்முடைய உத்தரவைக் கேட்டு வாங்கித் தம் கையெழுத்தை வெகுநேரம் பார்த்தார். அவர் எழுந்து, மூட்டைமேல் தூங்கிய மூன்றாம் எண்ணின் முன் போய், குதிகால்களைச் சேர்த்து, இடுப்பு வளையக் குனிந்தார்.

பூனை விழித்தது. எழுந்து, முன்னங்கால்களை நீட்டி, தலையைத் தாழ்த்தி, பின்பக்கத்தை உயர்த்திற்று.

"பதில் வணக்கம்!" என்றார் சார்ஜண்ட். "எழுது."

பார்த்தது: சோம்பல் முறித்தது. யூகம்: மரியாதை. இரண்டாவது அவர் சொல்ல நான் எழுதியது.

மறுநாள் மேலதிகாரி உட்பட அனைவரும் அந்தப் பூனைக்குக் குனிந்தோம். அதன் பிறகு தினமும் காலையில் அதுவே வழக்கமாயிற்று. ஒரு நாள் மறந்துபோன காதர் நானாவுக்கு மூன்றாவது அறை விழுந்தது. நான் சயாம் போகவில்லை.

பூனை வளர்ப்போர் வாலை மட்டும் படிக்க வேண்டாம். காதையும் தோலையும் சேர்த்துப் படியுங்கள். வயிற்றைக் காட்டினால் நன்றி சொல்லிவிட்டுக் கையைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பார்த்ததையும் யூகித்ததையும் ஒரே பத்தியில் எழுதாதீர்கள். எழுதிய நான் சயாமுக்கு எவ்வளவு அருகில் போனேன் என்பதைச் சொல்லிவிட்டேன்.

1945-இல் ஜப்பான் சரணடைந்த பிறகு சார்ஜண்ட் கிடங்கை விட்டுப் போன அன்று, நான் உள்ளே மூட்டைகளுக்கு நடுவில் இருந்தேன். வாசலில் படுத்திருந்த மூன்றாம் எண்ணுக்கு அவர் கடைசியாக ஒரு முறை வணங்கினார் என்கிறாள் மீனாட்சி. பூட்ஸ் கயிற்றைக் கட்டினார் என்கிறார் காதர் நானா. பதிவேட்டின் கடைசி வரி இது:

"பார்த்தது: குனிந்தார் (இரு சாட்சிகள்). யூகம்: உறுதி செய்யப்படவில்லை."