கன்னியம்மாவின் நினைவஞ்சலி

“நீ படிச்சுக் காட்னது ஒண்ணு, பேப்பர்ல கீறது ஒண்ணு. இன்னா சார் இது?”

கன்னியம்மா சத்தம் போடவில்லை. நாளிதழை என் மேஜையில் விரித்து வைத்துவிட்டு நின்றாள். சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் மயிலாப்பூரில் ஒரு தினசரியின் விளம்பரக் கவுன்ட்டரில் இருந்தேன். வரன் தேவை, வீடு வாடகைக்கு, நினைவஞ்சலி எல்லாம் என் தலையில்தான் விழும். வருகிறவர்களுக்குத் தெளிவு கிடையாது, எனக்குப் பொறுமை கிடையாது. நினைவஞ்சலிக்கு ஒரே மேட்டர்தான்: ‘தங்கள் பிரிவால் ஆறாத் துயரில் வாடும்’ என்று போட்டு, கீழே பெயர்களை அடுக்குவோம். யாரும் ஒரு வார்த்தை மறுத்ததில்லை.

நொச்சிக்குப்பத்தில் மீன் விற்ற கன்னியம்மா மறுத்தாள். வளர்த்த தாத்தா போய் ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

“வாட்றதெல்லாம் இல்ல சார். நான் சொல்றத அப்டியே எய்து. ‘தாத்தா, நெத்திலிக் கொயம்பு கேட்ட. வந்து வெக்கறேன்னுட்டு மீனு விக்கப் பூட்டேன். நான் வர்துக்குள்ள நீ பூட்ட. கோச்சிக்காத.’ அவ்ளோதான்.”

“ஏம்மா, இதைப் பேப்பர்ல போட்டா யாரு படிப்பா?”

“அவரு படிப்பாரு. கடலு வுட்டு வந்தா மொதல்ல பேப்பர்தான் அவருக்கு.”

மேனேஜரிடம் கொண்டுபோனேன். “நினைவஞ்சலியில குழம்பெல்லாம் வராதுய்யா, மாத்தி எழுது” என்று திருப்பி அனுப்பினார். அவளிடம் சொன்னேன். மறுநாள் வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். கூடை வாசலில், மீன் வாடை உள்ளே, வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க, அதே நாலு வாக்கியம். எனக்குத் தலை வெடித்தது.

படிக்கத் தெரியாதவர்களுக்கு மேட்டரைப் படித்துக் காட்டி, ஃபாரத்தில் கைநாட்டு வாங்க வேண்டும் என்பது எங்கள் விதி. நான் ஃபாரத்தில் ‘ஆறாத் துயரில் வாடும் பேத்தி’ என்று எழுதினேன். அவளுக்கோ அவள் சொன்னதையே படித்துக் காட்டினேன். திருப்தியாகக் கட்டைவிரலை வைத்துவிட்டுப் போனாள். தொல்லை விட்டது என்று டீ குடிக்கப் போனேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அன்றைக்கு அந்த டீ ருசியாகத்தான் இருந்தது.

அச்சில் வந்ததை யாரோ அவளுக்குப் படித்துச் சொல்லிவிட்டார்கள்; மறுநாளே அந்தப் பேப்பரோடு என் மேஜை முன் வந்து நின்றாள்.

“நாளைக்கே திருத்தம் போட்டுடறேம்மா” என்றேன்.

“அவரு செத்த நாளு நேத்து. நாளைக்குப் போட்டா அவரு எப்டிப் பார்ப்பாரு?” என்றவள் பேப்பரைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டாள்.

அடுத்த வருஷம் அந்தத் தேதி நெருங்கியபோது அவள் வருவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. நானே ஃபாரம் எடுத்து, அவள் சொன்னதைச் சொன்னபடி எழுதினேன். “மறுபடியும் குழம்பா?” என்று மேனேஜர் எரிந்து விழுந்தார். விஷயத்தை முழுசாகச் சொன்னேன். என்னை நன்றாக வைதுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அச்சான அன்று காலை பேப்பரோடு நொச்சிக்குப்பம் போனேன். ரோட்டோரத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். படிக்க வாயைத் திறந்தேன். பேப்பரை வாங்கி, மீன் வாங்க வந்த ஒரு அம்மாளிடம் நீட்டினாள்.

“யம்மா, நீ படி. இவரு படிக்க வோணாம்.”

எனக்குக் காது வரை சூடேறியது. அந்த அம்மாள் நிதானமாகப் படித்தார். ஒரு வார்த்தை பிசகவில்லை. கன்னியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இப்ப சரியாம்மா?” என்று கேட்டேன்.

“சரிதான். பாவம், ஒரு வருசம் கோவமாவே இருந்திருப்பாரு” என்றாள்.

கவுன்ட்டருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். எழுதியதைப் படித்துக் காட்டுங்கள். அதைப் படித்துக் காட்ட வாய் கூசினால், அதை எழுதாதீர்கள்.