என் பெயருக்கு வந்தவன்

இது எனக்கே நடந்தது. சத்தியம் செய்யச் சொன்னால் மட்டும் தயங்குவேன். எந்தப் பெயரில் செய்வது?

பர்மா எல்லையில், கரேன் இனத்தவரான எங்கள் ஊர். அரசாங்கம் தார்ச்சாலையோடு நின்றுவிடும். அதற்கு இந்தப் பக்கம் எங்கள் போராளிப் படைதான் எல்லாம். வீட்டுக்கு ஓர் ஆண் தர வேண்டும் என்பது அவர்கள் சட்டம். எங்கள் வீட்டில் போக வேண்டியவன் ஏடோ, அதாவது நான். போனது என் மனைவி சேர்போவின் தம்பி கிளேத்து. என் பெயரைச் சொல்லிக்கொண்டு போனான்.

"மச்சான், துப்பாக்கியப் பாத்தாலே நீங்க ஆத்துக்கு அந்தப் பக்கம் ஓடிருவீங்க. நானே போறேன்" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

ஆகஸ்ட் மாதம் நூல் கட்டும் நாள் வந்தது. வெளியே அலையும் உயிரைப் பெயர் சொல்லி வீட்டுக்கு அழைத்து, மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டுவது எங்கள் வழக்கம். மாலை ஆறு மணி. நல்ல மழை. மரக்கால்களின் மேல் நிற்கும் எங்கள் வீட்டுக்கு ஏறி இறங்க ஏணிதான். சேர்போ வாசலில் உட்கார்ந்து, சோறு கிண்டும் துடுப்பால் ஏணியின் தலையில் தட்டினாள். டொக்... டொக்...

"ஏடோ, வா. காட்டுல நிக்காத, ஆத்தங்கரையில நிக்காத. வீட்டுக்கு வா."

நான் அவள் பக்கத்திலேயே கையை நீட்டிக்கொண்டிருந்தேன்.

கீழே ஏணி முனகியது.

முதல் படி. இரண்டாம் படி. பிறகு, மூன்றாவதைத் தாண்டி நான்காவது...

மூன்றாம் படி முன்பு ஒடிந்து கிடந்தது. கிளேத்து அதைத் தாண்டித்தான் ஏறுவான். அவன் போன பிறகு நான் புதுப்படி போட்டேன். அது அவனுக்குத் தெரியாது.

"மச்சான்... கூப்பிட்டீங்களே..."

பேய் என்று நான் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் இவ்வளவு வெட்கம் இருக்காது. படையை விட்டு ஓடி வந்துவிட்டான் என்று நினைத்தேன். அப்படியென்றால் அடுத்து நான் போக வேண்டும்.

ஏணியைப் பிடித்து மேலே இழுத்தேன்.

"என்ன பண்றீங்க? அது என் தம்பிங்க!"

ஏணி கனக்கவே இல்லை.

விளக்கைக் காட்டினோம். கீழே வெறும் சேறு. ஒரு கால் தடம்கூட இல்லை...

மறுநாள் காலை படைத் தளபதி ஒருவர் வந்து தொப்பியைக் கழற்றினார்.

"ஏடோ வீடுதானேம்மா? அவர் போய் மூணு நாளாச்சு. சுட்டது பர்மாப் பட்டாளம்கூட இல்ல. நம்மள விட்டுப் பிரிஞ்சு போனவனுங்க. இனி இந்த வீட்டுல யாரையும் கேக்க மாட்டோம்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ யாருப்பா?"

சேர்போ என்னையே பார்த்தாள்.

"கிளேத்து," என்றேன். "இவங்க தம்பி."

ஊருக்கே தெரியும். யாரும் காட்டிக் கொடுக்கவில்லை. யாரும் என்னோடு பேசுவதும் இல்லை.

சேர்போ இப்போதும் ஆண்டுதோறும் ஏணியைத் தட்டுகிறாள். "ஏடோ, வா" என்றுதான் அழைக்கிறாள். நான் கையை நீட்டுவதில்லை. மூன்றாம் படியைத் தாண்டி அந்தக் காலடி ஏறி வருகிறது...

அவள் எனக்குப் பக்கத்தில், காற்றில் நூலைச் சுற்றி முடிச்சுப் போடுகிறாள்.

நூல் கீழே விழுவதில்லை.