பென்சில் கம்பனியில் பதினொரு வருடம்

சனிக்கிழமை காலை ஏழு மணி இருபது நிமிடம். சமையலறைக்குள் நுழைந்ததும் நான் முதலில் கண்டது, பெரியப்பா என் பள்ளிக்கூட அடிமட்டத்தை வைத்து ஒரு கட்டத்தை அளந்துகொண்டிருந்ததை. குடிவரவு அலுவலகத்தின் விண்ணப்பப் படிவத்தில் 'வகித்த பதவி' என்று ஆங்கிலத்தில் தலைப்பிட்ட கட்டம் அது. நீளம் அறுபத்திரண்டு மில்லிமீற்றர், உயரம் ஒன்பது என்று ஒரு பழைய கடித உறையின் பின்புறத்தில் குறித்துக்கொண்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தன்னுடைய பதவி இதற்குள் அடங்காது என்றார்.

"சின்னதா எழுதினா அடங்கும் அத்தான்," என்றார் அம்மா, பாண் துண்டுகளை டோஸ்டரில் வாட்டியபடியே.

"எழுதப்போறது ஆர்? இவள்தானே. இவளின்ர எழுத்து ஒவ்வொண்டும் கத்தரிக்காய்ப் பருமன்."

அவர் சொன்னது சரி. எங்கள் வீட்டில் படிவம் நிரப்புவது என் வேலை. எனக்கு அப்போது பத்து வயது. நியூசிலாந்துப் பள்ளிக்கூடத்து உருண்டை எழுத்தைக் கண்டால் அலுவலர்கள் இளகிவிடுவார்கள் என்பது அப்பாவின் நம்பிக்கை. ஆக்லாந்தின் மவுண்ட் ரோஸ்கில் பகுதியில் எங்கள் தேவாலயத்துக்கு வந்த யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றில் இதே வழக்கம்தான். பெரியவர்கள் சொல்வார்கள், பிள்ளை எழுதும், பெரியவர்கள் கையெழுத்து வைப்பார்கள். தொலைபேசி இணைப்பு முதல் அப்பாவின் வேலை விண்ணப்பம் வரை என் கையால் போயிருக்கிறது.

பெரியப்பா அப்பாவின் மூத்த அண்ணன். இருவருக்கும் இடையில் பதினெட்டு வயது. அவருடைய மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. போரில் யாழ்ப்பாணத்து வீட்டை விட்டுவிட்டு வந்து கொழும்பில் ஒரு வாடகை அறையில் இருந்தவரை அப்பா விசிட்டர் விசாவில் அழைத்திருந்தார். அந்த விசா அடுத்த வெள்ளிக்கிழமையோடு முடிந்துவிடும். அதற்குள் நிரந்தரமாகத் தங்குவதற்கான விண்ணப்பத்தைக் கொடுத்தால், முடிவு வரும்வரை எங்களோடு இருக்கலாம். நிராகரித்தால் மீண்டும் அந்த அறைதான். இவ்வளவும் எனக்குத் தெரியும், ஏனென்றால் வீட்டில் பல நாட்களாக வேறு எதையும் பற்றி யாரும் பேசவில்லை.

சிக்கல் படிவத்தின் ஆறாம் பக்கத்தில் இருந்தது. ஒரு வருடத்துக்கு மேல் எந்தெந்த நாடுகளில் வாழ்ந்தீர்கள், அங்கே என்ன வேலை செய்தீர்கள் என்று அது கேட்டது. பெரியப்பா ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் இங்கிலாந்துக்குப் போய்ப் பதினொரு வருடம் இருந்தவர். அங்கே ஓர் அணு ஆராய்ச்சி நிலையத்தில், கிராபைட் பிரிவில் வேலை. அணு உலைகள் புதிதாக வந்துகொண்டிருந்த காலம் அது. கிராபைட் என்பது பென்சிலுக்குள் இருக்கும் அதே கரிதான். அதைக் கட்டிகளாக ஆக்கி உலைக்குள் அடுக்குவார்கள். நாட்கணக்கில் உலைக்குள் கிடந்தால் அந்தக் கட்டிகளுக்கு என்ன ஆகும் என்பது அப்போது யாருக்கும் முழுதாகத் தெரியாது. அதை அறிவதற்காக விரல் நீளத் துண்டுகளை உள்ளே வைத்து எடுப்பார்கள். உள்ளே போவதற்கு முன்பும் வெளியே வந்த பின்பும் அவற்றை அளப்பதுதான் பெரியப்பாவின் வேலை. பதினொரு வருடம் அளந்தார்.

அந்தத் தொண்ணூற்றைந்தாம் ஆண்டில் ஆக்லாந்தில் அணு என்ற சொல்லை யாரும் சாதாரணக் குரலில் சொல்லவில்லை. பசிபிக்கில் பிரான்ஸ் மீண்டும் அணுகுண்டுச் சோதனை நடத்தத் தொடங்கியிருந்தது. எங்கள் வகுப்பிலிருந்து பிரெஞ்சு அதிபருக்குக் கடிதங்கள் போயின. கையெழுத்து நன்றாக இருந்ததால் அவற்றில் மூன்று நான் எழுதியவை. செத்த மீன்களை வரைந்த பதாகை ஒன்றைப் பள்ளிக்கூட வேலியில் கட்டினோம். டெய்ரி என்று இங்கே சொல்லும் தெருமுனைச் சில்லறைக் கடையின் கண்ணாடியில், பால் விலைக்குப் பக்கத்தில், 'அணுவற்ற நாடு' என்ற வட்ட ஸ்டிக்கர் இருந்தது.

எட்டு மணிக்கு அப்பா வந்தார். அவருக்கு விமான நிலையத்தில் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கும் இரவு வேலை. சப்பாத்தைக் கழற்றாமலே மேசைக்கு வந்து படிவத்தைப் பார்த்தார்.

"அண்ணை, அணுவெண்ட சொல்லே இதில வரக்கூடாது. இஞ்ச அதுக்குச் சட்டமே இருக்கு."

"சட்டம் துறைமுகத்துக்கு வாற அணுக் கப்பலுக்குத் தம்பி. எனக்கில்லை."

"உங்களையும் கப்பலையும் பிரிச்சுப் பார்க்க அவங்களுக்கு நேரமில்லை. பென்சில் கம்பனி எண்டு எழுதுவம். பென்சில் கரிதானே? பொய்யும் இல்லை."

"பென்சில் கம்பனியில ஆர் கரியை அங்குலத்தில ஆயிரத்தில ஒரு பங்குக்கு அளக்கிறது?"

"அதை ஆர் கேக்கப் போகினம்?"

அப்பா சொல்ல நான் எழுதினேன். இங்கிலாந்து, பென்சில் தொழிற்சாலை, ஆய்வுகூட உதவியாளர், பதினொரு வருடம். கட்டத்துக்குள் கச்சிதமாக அடங்கியது. பெரியப்பா ஆறு பக்கங்களையும் படித்தார். ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தினார். கடைசிப் பக்கத்தில் கையெழுத்து இடம் வந்ததும் பேனாவை மூடிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

சாப்பாட்டு நேரத்தில் அம்மா, ஏன் என்று கேட்டார். பெரியப்பா சோற்றைப் பிசைந்தபடி சொன்னார்: "அங்க ஒருத்தன் ஒருநாள் ஒரு நம்பரை மாத்தி எழுதினவன். ஒரு துண்டு மற்றதுகளை விடக் கூட வளர்ந்து இருந்தது. வரைபடத்தில இருந்த கோட்டுக்குப் பொருந்தேல்லை. தன்ர அளவுதான் பிழை எண்டு நினைச்சுக் குறைச்சு எழுதிப்போட்டான். அந்தத் துண்டுதான் சரி. அதைக் கண்டுபிடிக்க எல்லாருக்கும் ஏழு கிழமை போனது."

"விசரன்," என்றார் அப்பா. "ஆர் அவன்?"

"நான்தான்."

அப்பா மோரை எடுத்துத் தன் தட்டில் ஊற்றினார். மோர் வேண்டாம் என்று சற்று முன்புதான் சொல்லியிருந்தார்.

எனக்குப் புரியாத விஷயங்கள் அந்த வாரத்தில் பெருகின. பெரியப்பாவிடம் நேரே போய், நீங்கள் குண்டு செய்தீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். எனக்குத் தமிழ் விளங்கும், ஆனால் பதில்கள் ஆங்கிலத்தில்தான் வரும்.

"நான் அளந்தனான், பிள்ளை."

எதற்காக?

"வளர்ந்திருக்கோ எண்டு பார்க்க."

கரி வளருமா என்றேன். ஒரு பக்கம் வளரும், மற்றப் பக்கம் அவ்வளவாக வளராது என்றார். அதோடு விடாமல், அந்தத் துண்டுகள் உலைக்குள்ளிருந்து ஒருவிதச் சூட்டை உள்ளே ஒளித்துக்கொண்டு வரும் என்றும், தொட்டால் குளிராகத்தான் இருக்கும் என்றும், ஆனால் தொட விடமாட்டார்கள் என்றும், கொஞ்சம் சூடாக்கினால் ஒளித்த சூடும் சேர்ந்து வெளியே வரும் என்றும் சொன்னார். பதாகையில் இதை எந்த இடத்தில் வரைவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆசிரியை அணு மீன்களைக் கொல்லும் என்றார். அப்பா அது பென்சில் என்றார். பெரியப்பா அது வளரும் என்றார். மூன்றையும் சேர்த்துப் பார்த்ததில் எனக்குக் கிடைத்த முடிவு இது: பெரியப்பா ஏதோ பெரிய குற்றத்தைச் செய்துவிட்டு, அது குற்றம் என்று தெரியாமல் இருக்கிறார். அவரை நாங்கள்தான் ஒளித்துவைக்க வேண்டும்.

புதன்கிழமை பிற்பகல், அப்பா தூங்கிக்கொண்டிருந்தபோது, பெரியப்பா என்னை மேசைக்குக் கூப்பிட்டார். எழுதும்போது பிழை விட்டால் உதவும் என்று அப்பா இரண்டு படிவங்கள் வாங்கி வந்திருந்தார். பெரியப்பா இரண்டாவதை எடுத்து வைத்திருந்தார். எல்லாவற்றையும் மீண்டும் எழுதினேன். ஆறாம் பக்கத்தில் அவர் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். அணு ஆராய்ச்சி நிலையம், கிராபைட் பிரிவு, இளநிலை விஞ்ஞான உதவியாளர். அவர் முன்பே அளந்து சொன்னதுபோல அது கட்டத்துக்குள் அடங்கவில்லை. கடைசிச் சொல் கோட்டைத் தாண்டி ஓரத்தில் போய் நின்றது. அவர் உடனே கையெழுத்து வைத்து உறையை ஒட்டினார்.

"கொப்பர் கேட்டா உள்ளதைச் சொல்லு," என்றார், அப்பா தூங்கிய அறையைக் காட்டி. "கேக்காட்டி விடு."

ஒட்டியிருந்த உறையை அப்பா பார்த்தார். அண்ணன் இறங்கிவந்து பென்சில் படிவத்திலேயே கையெழுத்து வைத்துவிட்டார் என்று நினைத்து மகிழ்ந்தார். கேட்கவில்லை.

வியாழக்கிழமை, பள்ளி விடுமுறையாதலால், பேருந்தும் இடமும் காட்ட நான் பெரியப்பாவுடன் நகரத்துக்குப் போனேன். குடிவரவு அலுவலகத்தில் பதினொன்று நாற்பதுக்கு எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் அலுவலருக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். சிரித்த முகம். நீலக் கம்பளிச் சட்டையில், இடப் பக்கம், டெய்ரிக் கண்ணாடியில் இருந்த அதே வட்டம், பேட்ஜாகக் குத்தியிருந்தது.

அப்பா சொன்னது சரி என்று தெரிந்துவிட்டது. இவர் ஆறாம் பக்கத்தைப் புரட்டினால் பெரியப்பாவை இன்றைக்கே விமானத்தில் ஏற்றிவிடுவார்.

அலுவலர் முதல் பக்கத்தைச் சரிபார்த்தபடி, இது உன் கையெழுத்தா, அழகாக இருக்கிறதே என்று என்னிடம் சொன்னார். பெரியப்பா வணக்கம் சொன்ன ஆங்கிலத்தை வைத்து, சும்மா பேச்சுக்காக, உன் பெரியப்பா இங்கிலாந்தில் இருந்தாரா, அங்கே என்ன செய்தார் என்று கேட்டார்.

பென்சில் செய்தார் என்றேன். போதாதென்று நினைத்து, பென்சில் மட்டும்தான் என்றும் சொன்னேன்.

அலுவலர் சிரித்தார். இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம் என்று புரட்டிக்கொண்டு போனார். ஆறாம் பக்கத்தில் அவருடைய விரல் நின்றது. ஓரத்தில் தள்ளிக்கொண்டு நின்ற என் எழுத்துகளைப் படித்தார். என்னைப் பார்த்தார், பெரியப்பாவைப் பார்த்தார். எது சரி என்று கேட்டார். இப்போது சிரிப்பு இல்லை.

"எழுதியிருப்பது சரி," என்றார் பெரியப்பா, தன் பழைய ஆங்கிலத்தில். அப்படியானால் பிள்ளை ஏன் வேறு சொல்கிறாள் என்று அலுவலர் கேட்டதற்கு, பென்சிலிலும் அதே பொருள்தான் இருக்கிறது என்றார். பிறகு அலுவலரின் பேட்ஜைக் காட்டி, தானும் பதினொரு வருடம் ஒன்றைக் குத்தியிருந்ததாகச் சொன்னார். அதற்குள் பிலிம் இருக்கும், அடிக்கடி வாங்கிக் கழுவிப் பார்ப்பார்கள், கதிர்வீச்சு பட்டுக் கறுத்திருந்தால் கூப்பிட்டுக் கேட்பார்கள் என்றார். நிலைமையைச் சுமுகமாக்கத்தான் அவர் இதைச் சொன்னார் என்று இப்போது நினைக்கிறேன். அலுவலர் மஞ்சள் ஒட்டுத்தாள் ஒன்றில் ஏதோ எழுதி ஆறாம் பக்கத்தில் ஒட்டிவிட்டு, ரசீது தந்தார்.

திரும்பும் பேருந்தில் பெரியப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். டொமினியன் சாலையில் பாதித் தூரம் வந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"கொப்பர் கேட்டா, தாள் குடுத்தாச்சு எண்டு மட்டும் சொல்லு. மற்றதுகள் ஒண்டும் வேண்டாம்."

முதல் நாள் சொன்னதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் எனக்குப் பிடிபடவில்லை. பெரியப்பாவை நான் காப்பாற்றிவிட்டேன் என்ற நினைப்பில் இருந்தேன். டெய்ரியில் அவர் எனக்கு ஓர் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். அதைப் பரிசு என்றே எடுத்துக்கொண்டேன்.

ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. இங்கிலாந்தில் செய்த வேலைக்கு அங்கிருந்து சான்று பெற்றுத் தரும்படி கேட்டிருந்தார்கள். அப்பா அதை நின்றபடியே படித்தார்.

"அணுவெண்டா எழுதினீங்கள்?"

"ஓம்."

"நான் படிச்சுப் படிச்சுச் சொன்னனே அண்ணை!"

"ஓம், நீ சொன்னனீ."

பெரியப்பா இங்கிலாந்துக்கு மூன்று கடிதங்கள் எழுதினார், தன் கையால். ஒன்றுக்குத்தான் பதில் வந்தது. அவர் வேலை செய்த பிரிவின் அந்தக் காலத்துப் பணியாளர் பதிவேடுகள் தங்களிடம் இல்லை, ஆகவே எதையும் உறுதிப்படுத்த முடியாது என்று இரண்டு வாக்கியங்கள். அதை நகலெடுத்து அலுவலகத்துக்கு அனுப்பினார். சொன்ன வேலையை உறுதிப்படுத்த முடியவில்லை என்று விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் கொழும்புக்குப் போனார். நான் அன்று பள்ளிக்கூடத்தில் இருந்தேன்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு, பெரியப்பாவும் இறந்து, நான் ஒரு பத்திரிகையில் செய்தியாளராகச் சேர்ந்திருந்தபோது, அவருடைய கோப்பின் நகலைக் கேட்டுக் குடிவரவு அலுவலகத்துக்கு எழுதினேன். அவரை அழைத்தவர் என்ற முறையில் அப்பா கையெழுத்து வைத்தார். எதற்கு என்று கேட்டார். சும்மா என்றேன். முப்பத்தொரு தாள்கள் வந்தன. ஆறாம் பக்கத்தின் நகலில் அந்த ஒட்டுத்தாள் சாய்வாகப் பதிந்திருந்தது. 'கூட வந்த சிறுமி பென்சில் தொழிற்சாலை என்கிறாள். படிவம் வேறு சொல்கிறது. முன்னாள் பணியிடத்தில் உறுதிப்படுத்தவும்.' அதற்குக் கீழே இன்னொருவருடைய கையெழுத்தில்: 'வேலையின் தன்மை பற்றி ஆட்சேபம் இல்லை.'

திரும்பிப் போன பெரியப்பா, இறக்கும்வரை, கொழும்பில் மேலும் எட்டு ஆண்டுகள் இருந்தார். டிசம்பரில் ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் அப்பா அவருக்குத் தொலைபேசி எடுப்பார். வீட்டில் எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டிருப்பார். சுகம் விசாரித்து முடிந்ததும் ஒவ்வொரு முறையும் அப்பா சொல்வார்: "நீங்கள் அணுவெண்டு எழுதாம விட்டிருந்தா இண்டைக்கு இஞ்ச இருந்திருப்பீங்கள் அண்ணை."

"ஓம் தம்பி," என்பார் பெரியப்பா. "அதுதான் பிழையாப் போனது."