நடுவர் நாற்காலி

பவானிபூர் சிவராமகிருஷ்ணனுக்கு உலகத்தில் நடக்கும் எல்லா அநியாயத்தைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் உண்டு. உத்தியோகம் மத்திய அரசு அலுவலகத்தில், பென்ஷன் கோப்புகளோடு. மனசு மட்டும் பாலஸ்தீனத்திலும் பாக்தாத்திலும். மீன் வாங்க நிற்கும் பெங்காலிக்காரரைக்கூட நிறுத்தி, "குழந்தைக்கு மருந்து போகாமல் தடுப்பதும் யுத்தம்தான்" என்பார். அவர்களும் 'ஷிபுதா', அதாவது சிவண்ணா, என்று மரியாதையாகக் கேட்டுக்கொள்வார்கள். பேச்சுக் கிடைத்தால் சோறு வேண்டாம் என்கிற ஊர் அது.

லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ் மன்றத்தில் வருஷா வருஷம் பட்டிமன்றம் நடக்கும். வெகுகாலமாக அவர்தான் நடுவர். இரண்டு அணியும் தொண்டை வறண்டு உட்கார்ந்த பிறகு, சால்வையைச் சரிசெய்துகொண்டு தீர்ப்புச் சொல்வாரே, அதற்காகவே மற்ற நாட்களை ஓட்டினார் என்று சொல்ல வேண்டும்.

தொண்ணூற்றெட்டில் டெல்லியிலிருந்து மாற்றலாகி வந்தார் ஸ்ரீனிவாசராகவன். ஐ.நா. கூட்டங்களுக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தவராம். போதாதா? மன்றச் செயலாளர் கோவிந்தராஜன் வாயெல்லாம் பல்லாக வந்து நின்றார்.

"இந்தத் தடவை அவர் நடுவரா இருக்கட்டும் சார். நீங்க ஒரு அணிக்குத் தலைமை தாங்குங்கோ. தலைப்பு, 'அணுகுண்டு நியாயமா, அநியாயமா?'"

பொக்ரானில் குண்டு வெடித்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. "பேஷா செஞ்சுடலாம்" என்றார் சிவராமகிருஷ்ணன். வயிறு எரிந்தது.

வெடித்த செய்தி வந்த அன்றே டிவியை அணைத்துவிட்டு மனைவி தமயந்தியிடம் சொல்லியிருந்தார்: "குண்டு நல்லவன் கெட்டவன் பார்த்தா விழும்? பால் குடிக்கிற குழந்தை மேலயும்னா விழும்! இதுக்கு யாரும் நியாயம் கற்பிக்க முடியாது." ஆகவே எதிர்த்துத்தான் பேசுவதாக இருந்தார்.

ஆனால் காப்பிப்பொடிக் கடையில் ஸ்ரீனிவாசராகவன் நாலு பேர் நடுவே, "நான் குண்டுக்கு விரோதிதான். இருந்தாலும் காதைத் திறந்து வச்சுண்டு உட்காருவேன்" என்று சொன்னாராம். கேட்டதும் இவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாற்காலியைத்தான் பிடுங்கிக்கொண்டான், என் கருத்தையுமா? இனி எதிர்த்துப் பேசினால் நடுவருக்கு ஜால்ரா என்பார்கள். நேரே கோவிந்தராஜனிடம் போய், குண்டு நியாயமே என்ற அணியைக் கேட்டு வாங்கினார்.

தமயந்தி கேட்டாள். "ஏன்னா, அன்னிக்கு அப்படிச் சொன்னேளே?"

"வக்கீல் எந்தக் கட்சிக்கும் பேசுவான். நீ சும்மா இரு."

பேசினார் பாருங்கள், அப்படி ஒரு பேச்சை அந்த மன்றம் கேட்டதில்லை. பொறாமை ஒரு மனுஷனுக்கு இவ்வளவு தமிழைக் கொடுக்கும் என்று யார் கண்டது? "ஐந்து வல்லரசுக்காரர்கள் இடுப்பில் கத்தியைச் செருகிக்கொண்டு ஆறாவது ஆளுக்கு அகிம்சை போதிக்கிறார்கள். இதற்குப் பெயர் தர்மமா?" என்றபோது கைதட்டலில் மைக் கேட்கவில்லை. நடுவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு பேசினார். இந்தக் கூட்டத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லி அவன் அவமானப்படட்டும். அதுதான் அவர் கணக்கு.

ஸ்ரீனிவாசராகவன் எழுந்தார்.

"நான் மாறாத மனசோட வந்தேன். ஜாதவ்பூர்ல நாளைக்கு நடக்கிற சமாதான ஊர்வலத்துக்கும் பேர் கொடுத்திருந்தேன். சிவராமகிருஷ்ணன் சார் கேட்டதுக்கு என்கிட்ட பதில் இல்லை. குண்டு நியாயம்தான்னு தீர்ப்புச் சொல்றேன். ஊர்வலத்துக்குப் போகப் போறதில்லை."

கூடம் அதிர்ந்தது. கீழே இறங்கி வந்து அவர் இவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "இத்தனை வருஷம் தப்பா நினைச்சுண்டிருந்தேன், சார். நீங்கதான் கண்ணைத் திறந்தேள்."

சிவராமகிருஷ்ணனுக்கு, இல்லை ஓய், நீர் நினைத்ததுதான் சரி, நான் பேசியதில் ஒரு வார்த்தையையும் நான் நம்பவில்லை என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். முன்வரிசையில் தமயந்தி மட்டும் கைதட்டாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சந்தோஷம்" என்றார்.

நான் மாறிவிட்டேன் என்று நாலு பேர் முன்னால் சொல்ல அந்த மனுஷனுக்குத் தைரியம் இருந்தது. அதைப் பார்த்தும் இவருக்கு வயிறுதான் எரிந்தது.