பாகற்காய் கவுன்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதினால் அக்கா படிப்பாள், படித்துவிட்டு இன்னொரு தடவை சிரிப்பாள். ஆனால் நான் சும்மா இருந்தால் அவளே தப்புத் தப்பாக ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள். அதற்கு நானே சொல்லித் தொலைத்துவிடலாம்.

அக்காவைக் கடலூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். நானும் அம்மாவும் சிதம்பரத்தில். எனக்குப் படிப்பு ஒன்பதாவதோடு சரி. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடையில் வேலை. அக்கா மகளுக்கு மொட்டை அடித்துக் காது குத்த நாள் குறித்தார்கள். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். அன்றைக்குக் குழந்தை போடும் புதுத்துணியும் மாமன் கொண்டுவருவதுதான். அக்கா ஒரு கவுன் படம் அனுப்பிவிட்டுப் போன் போட்டாள். கவுனின் நெஞ்சுப் பக்கம் முழுக்கக் குட்டிக் குட்டி மடிப்பு, அதன்மேல் கலர் நூல் வேலை.

"இதுக்குப் பேரு ஸ்மாக்கிங்டா. கையாலயே தைக்கிறது. இந்த மாதிரி வாங்கியா."

"இன்னாக்கா இது, எங்க கடை ஷட்டர் மாதிரி இருக்கு? இத நானே தச்சிடுவேன்."

என் வாய் சும்மா இருக்காது. அக்கா கப்பென்று பிடித்துக்கொண்டாள்.

"தச்சிடுவியா? அப்ப தை. யார்கிட்டயும் ஒத்தாசை கேக்கக் கூடாது. கேட்டா, எம் பொண்ணோட சேந்து நீயும் மொட்டை."

"சரி."

சொன்ன பிறகுதான் தலையைத் தொட்டுப் பார்த்தேன். கழுத்து வரைக்கும் வளர்த்து, முன்னால் மட்டும் செம்பட்டைச் சாயம் அடித்த முடி. காது குத்து முடிந்த அடுத்த வாரம் என் கூட்டாளிக்குக் கல்யாணம். மேடையில் மாப்பிள்ளைத் தோழனாக நிற்கப்போவது நான். அதற்கென்றே வளர்த்தது. பொண்ணு வீட்டுப் பக்கம் நிறைய பேர் வருவார்கள் அல்லவா?

வீடியோ பார்த்தேன். துணியில் வரிசையாகப் புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் ஊசியால் துளி கிள்ளி நூல் ஓட்ட வேண்டும். எல்லா நூலையும் சேர்த்து இழுத்தால் துணி விசிறி மாதிரி மடியும். அந்த மடிப்புகளை இரண்டிரண்டாகப் பிடித்துக் கட்டினால் தேன்கூடு. போன் ஸ்க்ரூவையே கண்ணை மூடிக்கொண்டு கழற்றுகிறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? புள்ளி வைக்கத்தான் பொறுமை இல்லை. ரோஸ் கலர் துணியையும் பென்சிலையும் அம்மாவிடம் நீட்டினேன்.

"அம்மா, கோலத்துக்கு வெப்பியே, அந்த மாதிரி புள்ளி வெச்சுக் குடு."

"ஒத்தாசை கேக்கக் கூடாதுன்னு சொன்னாளேடா?"

"புள்ளியெல்லாம் ஒத்தாசைல சேராதும்மா."

சீரியல் பார்த்துக்கொண்டே வைத்துக் கொடுத்தாள். கை நிறையக் குத்து வாங்கி நூலை ஓட்டி முடித்தேன். சேர்த்து இழுத்தேன். மேல் வரிசை மடிந்த இடத்தில் கீழ் வரிசை மடிய மாட்டேன் என்றது. துணி அங்கங்கே கொப்பளித்துக்கொண்டு நின்றது. தேன்கூடு வரும் என்று பார்த்தால் பாகற்காய் வந்திருந்தது.

திரும்ப வீடியோவைப் பார்த்தேன். அதில் புள்ளிக்கு நேர் கீழே புள்ளி. அம்மா வைத்ததோ இரண்டு புள்ளிக்கு நடுவில் அடுத்த வரிசைப் புள்ளி.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்க?"

"எடப்புள்ளிடா. கோலம்னு தான சொன்ன? நேர்ப்புள்ளி வேணும்னா நேர்ப்புள்ளின்னு சொல்லணும்."

பிரித்துத் தைக்க நாள் இல்லை. ஒவ்வொரு கொப்பளத்தின் தலையிலும் மஞ்சள் நூலால் ஒரு முடிச்சுப் போட்டேன். கீழே பாவாடை மாதிரி ஒரு சுற்று, மேலே இரண்டு பட்டை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கடலூர் பஸ் ஏறினோம்.

மொட்டை அடித்துக் குளிப்பாட்டிக் குழந்தைக்குக் கவுனைப் போட்டார்கள். வழவழ தலையும் கரடுமுரடு நெஞ்சுமாக என் மடியில் வந்து உட்கார்ந்தாள். அக்கா வாயைத் திறப்பதற்குள் அவள் மாமியார் கிட்ட வந்து தடவிப் பார்த்தார்.

"இன்னா மாடல்பா இது? பாத்ததே இல்ல."

"ஃபாரின் மாடல் அத்தை. மெட்ராசுக்கே இன்னும் வரல. நானே தச்சது."

"மச்சான் ஜெயிச்சிட்டான்டி" என்றார் அக்கா வீட்டுக்காரர். நான் முடியை ஒரு தடவை கோதிவிட்டுக்கொண்டேன். காது குத்தியாயிற்று. குழந்தை வீறிட்டாள், வாயில் சர்க்கரை போட்டார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் நினைத்தேன். மாமியார் விட்டால்தானே!

"பையனுக்குக் கைவேலை இவ்ளோ சுத்தமா வருது பாருங்களேன்" என்றார் அம்மாவிடம்.

அம்மாவுக்குத் தாங்கவில்லை.

"அவன் கைவேலையா? புள்ளி வெச்சது நானு! அது இல்லன்னா இவன் இன்னாத்த தச்சிருப்பான்?"

அக்கா மெதுவாகத் திரும்பினாள்.

"யாரும்மா புள்ளி வெச்சா?"

"நாந்தான்டி. எடப்புள்ளி. எம்மாம் அழகா வந்திருக்கு பாரு."

"டேய்!"

"அக்கா, புள்ளி ஒத்தாசைல சேராதுக்கா. மாமா, நீங்களாவது சொல்லுங்க."

"நான் ராத்திரி இந்த வீட்லதான் சாப்டணும் மச்சான்" என்றார் மாமா.

பெட்டியை மூடிக்கொண்டிருந்த மொட்டை அடிப்பவர் திரும்பத் திறந்தார். "உக்காருங்க தம்பி, தண்ணி மீதி இருக்கு."

பெற்ற தாய் ஒரு வார்த்தை சொல்லித் தடுக்கவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் கவுனைக் காட்டிப் புள்ளி கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவ்வளவு நேரம் அழுத குழந்தை, என் செம்பட்டை முடி கொத்தாக விழுந்ததும் கையைத் தட்டிச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. "ஆடாதீங்க தம்பி" என்று தலையில் ஒரு தட்டு விழுந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது, சந்தனம் பூசிய தலையைப் படம் பிடித்துக் கூட்டாளிக்கு அனுப்பினேன். 'தப்பா நெனைக்காத மச்சான், மேடைக்கு இப்டித்தான் வருவேன்.'

உடனே பதில் வந்தது.

'லைட்டுக்காரன வர வேணாம்னு சொல்லிட்டேன் மச்சான், நீ என் பக்கத்துல நின்னா போதும்.'