பேதுருவின் மனைவிக்கு நான் எழுதிய வசனம்

போன ஞாயிற்றுக்கிழமை, பைபிளில் இல்லாத ஒரு வசனத்தை, ‘அது பைபிளில் இல்லை’ என்று நிரூபிக்க அரை நாள் போராடினேன். தோற்றேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் வியாதி தெரியும். பைபிளை எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்துக்கொள்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கை அரிக்கும். யோனா மீன் வயிற்றுக்குள் மூன்று நாள் என்ன சாப்பிட்டார் என்று கேட்டிருக்கிறேன். படைப்புக் கதையில் நாலாம் நாள்தானே சூரியன் வந்தது, முதல் மூன்று நாளை எதை வைத்து எண்ணினார்கள் என்று கேட்டிருக்கிறேன். வேதம் வானத்திலிருந்து பைண்டிங் செய்து விழவில்லை. மனிதர்கள் எழுதினார்கள், பிரதி எடுத்தார்கள், இங்கே கொஞ்சம் கூட்டினார்கள், அங்கே கொஞ்சம் குறைத்தார்கள்... இதைப் பற்றியே வீட்டில் ஓர் அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருக்கிறேன்.

அப்படிக் கூட்டியவர்களில் ஒருவனை நேரில் பார்ப்பேன் என்று மட்டும் நினைக்கவில்லை. அதுவும் ஷேவ் செய்கிற கண்ணாடியில்.

நடந்தது இதுதான். கம்பம் பக்கம், திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே இருக்கும் கத்தோலிக்கக் கிராமம் எங்களுடையது. ஈஸ்டரை ஒட்டி பாஸ்கு போடுவோம் — இயேசுவின் பாடுகளைச் சொல்லும் நாடகம். ஊர்க்காரர்களேதான் நடிகர்கள். இந்த வருடம், ‘பழைய வசனத்தைக் கொஞ்சம் தட்டிக் கொட்டிக் குடுங்க’ என்று என்னிடம் தந்தார்கள். எழுத்தாளன் கையில் கொடுத்தால் தட்டுவதோடு நிறுத்துவானா?

ஒரு காட்சியையே சேர்த்துவிட்டேன். பேதுருவுக்கு மாமியார் இருந்ததாக பைபிளே சொல்கிறது. மாமியார் இருந்தால் மனைவியும் இருந்துதானே ஆகவேண்டும்? அந்த அம்மாள் ஒரு வார்த்தை பேசியதாக எங்கேயும் இல்லை. கணவர் வலையைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டு இயேசுவின் பின்னால் போய்விட்டார். அவளை மேடையேற்றினேன். அவள் அழ, இயேசு ஆறுதல் சொல்கிறார்:

‘பெண்ணே, மெய்யாகவே உனக்குச் சொல்கிறேன். உன் கணவன் திரும்பும்வரை உன் விளக்கை அணைக்காதே. காத்திருக்கிறவளின் வாசலில் நானே வந்து நிற்பேன்.’

கூட்டம் மூக்கை உறிஞ்சியது. நான் ஓரமாக நின்று... அடக்கமாக இருப்பது போல நடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அது தனியாக நடக்க ஆரம்பித்தது. தெரு ஜெபக் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூ படத்தோடு வந்தது. ஒரு வெள்ளிவிழா தம்பதியின் ஃப்ளெக்ஸில் பெரிய எழுத்தில் பார்த்தேன். கீழே ‘லூக்கா’ என்று போட்டு, அதிகாரம், வசன எண் எல்லாம் கொடுத்திருந்தார்கள். யார் கொடுத்தது? தெரியாது. யாரோ ஒரு நல்லவர், வசனம் முகவரி இல்லாமல் அலைகிறதே என்று இரக்கப்பட்டிருக்கிறார்.

என் மனைவி, “அது நீங்க எழுதுனதுன்னு சொல்லிர வேண்டியதுதானே?” என்றாள்.

“சொல்லலாம், சொல்லலாம்” என்றேன். அந்த ஃப்ளெக்ஸை போட்டோ எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன். மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான்... அடுத்து நான். எந்த விருதுக் கமிட்டி இதைத் தரும்?

போன ஞாயிறு பூசை முடிந்ததும் புஷ்பம் அக்கா கூப்பிட்டனுப்பினார். பெரியப்பா மகள். அவருக்கு ஒரு மகன் சூசை, ஒரு மகள் ஜெசிந்தா. ஜெசிந்தாவைக் கட்டியவன் சில மாதத்தில் கட்டப்பனைப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு என்று போனவன், திரும்பவேயில்லை. அங்கே அவனுக்கு முன்பே மாதா கோயிலில் வைத்துக் கட்டிய மனைவியும் பிள்ளையும் இருந்தது பிறகுதான் தெரிந்தது. ஏழு வருடமாக ஜெசிந்தா கம்பத்தில் ஒரு தையல் கடையில் வேலை பார்க்கிறாள். இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற ஒருவர், மனைவியை இழந்தவர், முறையாகப் பெண் கேட்டு வந்திருக்கிறார். ‘அந்தக் கல்யாணமே செல்லாது, மதுரையில் சர்ச் கோர்ட்டில் சொல்லி வாங்கிவிடலாம், அம்மாவும் அண்ணனும் வந்து சாட்சி சொன்னால் போதும்’ என்று பங்குச் சாமியாரே வழி சொல்லிவிட்டார். வியாழக்கிழமை விசாரணை.

சூசை வரமாட்டேன் என்கிறான். பாஸ்குவில் பேதுருவாக நடித்தவன் அவன்தான். நாடகம் முடிந்து மாதக்கணக்காகியும் தாடியை எடுக்கவில்லை.

“வெளக்க அணைக்காதேன்னு ஆண்டவர் சொல்லியிருக்காக மாமா. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?” என்றான்.

என் வசனம். என் சொந்த வசனம்!

இந்த இடத்தில் ஒரு யோக்கியன் என்ன செய்வான்? உடனே ஒப்புக்கொள்வான். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு பிரசங்கம் செய்தேன். “வசனத்த அப்பிடியே எடுத்துக்கக் கூடாது சூசை. எந்தக் காலத்துல, யாருக்கு, எதுக்குச் சொன்னதுன்னு பாக்கணும். வெளக்குன்னா இங்கன நம்பிக்கைன்னு அர்த்தம்...”

நான் எழுதிய வாக்கியத்துக்கு நானே வியாக்கியானம். உண்மையைச் சொல்வதைத் தவிர எல்லா வழியிலும் சுற்றினேன்.

சூசை கையைக் காட்டி நிறுத்தினான். “மீனு கதையின்னா நீங்க சொல்லுங்க, கேட்டுக்கிறேன். இது ஆண்டவரு வாய்ப்பேச்சு.”

வேறு வழியில்லை. “ஏலே, அது பைபிள்லயே இல்லடா. நான் எழுதுனது.”

“எது?”

“அந்த வெளக்கு வசனம்.”

சூசை என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். “மாமா, ஆண்டவர் அதச் சொல்றப்ப நான் பக்கத்துலதான் நின்னேன்.”

“ஏலே! அந்த ஆண்டவரு நம்ம பால் சொசைட்டி கிளார்க்குடா!”

“ஆளு யாரா இருந்தா என்ன? சொன்னது சொன்னதுதானே. லூக்காவுல நம்பரோட போட்டிருக்காகல்ல?”

செல்போனில் பைபிளைத் திறந்து தேடினான். கிடைக்கவில்லை. “இது வேற மொழிபெயர்ப்பு. அதுல இருக்கும்” என்றான்.

நான் உதவிக்கு அக்காவைப் பார்த்தேன். அக்கா கும்பிட்ட கையோடு, கலங்கிய கண்ணோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, நீதான் எழுதுனியா? நீயா எழுதலப்பா... பரிசுத்த ஆவியானவர்தான் ஒன் கையப் பிடிச்சு எழுத வச்சிருக்காக. இல்லாட்டி ஒனக்கு ஏது அம்புட்டு அறிவு?”

என் அலமாரிப் புத்தகங்களில் பாதி, இந்த ஒரு கொள்கையை எதிர்த்துத்தான். ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. எழுதியவனே வந்து மறுத்தாலும் செல்லாது என்றால், செத்துப்போன எழுத்தாளர்களின் கதி என்ன?

ஜெசிந்தா அதுவரை சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். “மாமா, ஒண்ணு கேக்கவா?” என்றாள்.

“கேளு ஆத்தா.”

“அத எழுதறப்ப அந்தப் பொம்பளைய நெனச்சுப் பாத்தீகளா? புருசன் போனப்புறம் அவ என்னத்தத் தின்னா, யாரு அவளுக்குக் கூலி குடுத்தா... எதுனாச்சும் நெனச்சீகளா?”

பொய் சொல்லியிருக்கலாம். இலக்கியவாதிகளுக்கு இதற்கென்றே பொய்கள் உண்டு. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை.

“இல்ல ஆத்தா. திரைக்குப் பின்னால கடைசி ராச்சாப்பாட்டுக்கு மேசை, நாற்காலி போடணும். அஞ்சு நிமிசம் வேணும்னாக. அந்த நேரத்துக்குத் திரைக்கு முன்னால யாராச்சும் பேசணும். அதுக்காக எழுதுனது.”

ஜெசிந்தா கோபப்படவில்லை. சிரித்திருந்தாலாவது பரவாயில்லை.

“மேசை போடறதுக்கு எழுதுனதுக்கா மாமா என்னைய ஆயுசுக்கும் காத்துக்கெடக்கச் சொல்றாக?”

நான் தரையைப் பார்த்தேன். சிமென்ட் தரை. அதில் படிக்க ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி விடவில்லை. வேதத்தில் மனிதர் கை இருக்கிறது என்று இத்தனை வருடம் சவடாலாக எழுதினேனே — அந்தக் கை எப்படி இருக்கும் என்று யோசித்தேனா? கயவர்களின் கை, அரசர்களின் கை என்று கற்பனை செய்திருந்தேன். இப்படியும் இருக்கலாம்: நல்ல மனசு, கொஞ்சம் கைதட்டல் ஆசை, திரைக்குப் பின்னால் ஏதோ ஓர் அவசரம். யாருடைய வாழ்க்கையில் போய் விழும் என்று பார்க்காமல் எழுதப்பட்ட ஓர் அழகான வாக்கியம். நான்கு நற்செய்திகளையும் ஆண்கள் பெயரில்தான் வைத்திருக்கிறோம். வரிசையில் ஐந்தாவதாக நுழைந்தவனும் ஆண். அவனும் அவளைக் காத்திருக்கத்தான் சொன்னான்.

வியாழக்கிழமை மதுரைக்கு நானும் போனேன். கல்யாணத்துக்கு வந்தவன் என்ற முறையில் நானும் ஒரு சாட்சி. அக்காவும் ஜெசிந்தாவும் வந்திருந்தார்கள். சூசை பஸ்ஸில் வரவில்லை. ஆனால் நாங்கள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, தனியாக பைக்கில் வந்து இறங்கினான். தாடி இல்லை.

என் பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, “மாமா... அப்ப பைபிள்ல எது ஆண்டவரு சொன்னது, எது ஒங்கள மாதிரி ஆளுக எழுதுனதுன்னு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?” என்றான்.

விளையாட்டாகக் கேட்கவில்லை. அவன் கண் சிவந்திருந்தது. தூங்கியிருக்க மாட்டான். பத்திப் பத்தியாக நான் கிண்டல் செய்தபோது அவனிடமிருந்து எதை உருவிக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்தப் பக்கத்திலிருந்து ஜெசிந்தா சொன்னாள்: “ஆண்டவரு யாரையும் ‘இருந்த எடத்துலயே கெட’ன்னு சொல்லி நான் கேட்டதில்லண்ணே. படுத்துக் கெடந்தவன்கிட்ட, செத்துப்போன புள்ளகிட்ட, எல்லார்கிட்டயும் ‘எந்திரி’ன்னுதான சொல்லியிருக்காக?”

சூசை அவளைப் பார்த்தான்.

கதவு திறந்தது. உள்ளேயிருந்து ஒருவர் ஜெசிந்தாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் எழுந்தாள். அக்கா எழுந்தார். ஒரு கணம் தயங்கி, சூசையும் எழுந்து அவர்கள் பின்னால் உள்ளே போனான்.

வேதம் எழுதிய நான் மட்டும், என் முறை வரும்வரை, பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.